சூப்பர்மேனே சர்வாதிகாரி ஆனால்..? 'எல்லாம் தப்பாய்ப் போன' காமிக்ஸ் உலகங்கள் நமக்கு ஏன் பிடிக்கின்றன?

இருட்டுச் சந்து. படம் பார்த்துவிட்டுத் திரும்பும் அப்பா, அம்மா, ஒரு சின்னப் பையன். எதிரே துப்பாக்கியோடு ஒருவன். பேட்மேன் கதை இப்படித்தான் தொடங்கும் என்பது காமிக்ஸ் பக்கமே போகாதவர்களுக்கும் தெரியும். அப்பா, அம்மா செத்துப்போவார்கள். பையன் பிழைப்பான். வளர்ந்து வௌவால் வேஷம் கட்டுவான்.

சரி, அன்றைக்குச் செத்தது பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தாமஸ் வெய்ன்தான் இப்போது பேட்மேன். மகனைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்த அம்மா மார்த்தா? அவர்தான் ஜோக்கர்.

2011-ல் டிசி வெளியிட்ட 'ஃப்ளாஷ்பாயின்ட்' கதையில் வரும் உலகம் இது. மார்த்தாவின் கதையைப் படித்த ராத்திரி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே குடும்பம், அதே சந்து. குண்டு மட்டும் வேறு ஆள் மேல் பாய்ந்திருக்கிறது. அதற்கே இவ்வளவா?

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இப்படி 'எல்லாம் தப்பாய்ப் போன' உலகங்கள் ஏராளம். சூப்பர்மேன் சர்வாதிகாரி, வுல்வரின் நண்பர்களைக் கொன்றவன், ஸ்பைடர்மேன் பிணம் தின்னும் ஸாம்பி என்று எல்லாமே உண்டு. வேலை, டெட்லைன், இஎம்ஐ என்று நிஜ வாழ்க்கையிலேயே போதுமான இருட்டு இருக்கும்போது, காசு கொடுத்து இதை ஏன் படிக்கிறோம்? இது வெறும் அதிர்ச்சி வியாபாரமா, இல்லை உள்ளே ஏதாவது விஷயம் இருக்கிறதா? இரண்டும்தான் என்பது என் கட்சி. ஆனால் எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில், இது எப்படி ஆரம்பித்தது?

1961-ல் வெளிவந்த 'தி ஃப்ளாஷ்' 123-வது இதழில் இரண்டு ஃப்ளாஷ்கள் சந்தித்துக்கொண்டார்கள். 1940-களின் பழைய ஃப்ளாஷ் வேறொரு பூமியில் வாழ்கிறார் என்றது கதை. எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். பழைய பாத்திரங்களைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ள ஒரு வசதியான வழி, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது பூமி ஒன்று இருந்தால் மூன்றாவதும் இருக்கலாம் இல்லையா? 1964-ல் அதே ஃபாக்ஸ் 'எர்த் த்ரீ'யைக் கொண்டுவந்தார். அங்கே சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகியோரின் இடத்தில் இருப்பவர்கள் எல்லோருமே குற்றவாளிகள். கும்பலின் பெயரே 'க்ரைம் சிண்டிகேட்'. கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவது மாதிரி நல்லவனும் கெட்டவனும் இடம் மாறிக்கொண்டார்கள். விளையாட்டாக இருக்கும், பயமாக இருக்காது.

1977-ல் மார்வெல் 'வாட் இஃப்' என்ற பெயரிலேயே ஒரு இதழைத் தொடங்கியது. 'அன்னைக்கு இப்படி நடந்திருந்தா?' என்பதுதான் மொத்த இதழுக்கும் ஒரே கேள்வி. நமக்கும் இது புதுசு இல்லை. பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, விட்டால் ஒரு வாழ்க்கை என்று 2001-ல் வந்த '12பி' படம் நினைவிருக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் என்று யோசிக்காத ஆள் யார்?

'வாட் இஃப்' கதைகளில் எனக்குப் பிடித்தது 1980-ல் வந்த 24-வது இதழ். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி 1973-ல் பாலத்திலிருந்து விழுந்து இறந்தது காமிக்ஸ் உலகத்தின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. இந்த இதழில் ஸ்பைடர்மேன் அவளைக் காப்பாற்றிவிடுகிறார். கல்யாணமும் நடக்கிறது. அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது, மணக்கோலத்தில் நிற்கும் பீட்டர் பார்க்கர்தான் ஸ்பைடர்மேன் என்ற உண்மை பத்திரிகையில் அம்பலமாகிவிடுகிறது. கல்யாண நாளிலேயே மாப்பிள்ளை தலைமறைவு.

வாசகர்கள் ஏழு வருஷம் வேண்டிக்கொண்ட வரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கான பில்லையும் கையோடு நீட்டிய கதை அது.

அம்மாவைக் காப்பாற்றியது குற்றமா?

'ஃப்ளாஷ்பாயின்ட்'டுக்குத் திரும்புவோம். ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஆண்டி கூபர்ட் வரைந்த ஐந்து இதழ்க் கதை. பேரி ஆலன் என்கிற ஃப்ளாஷ் ஒரு நாள் கண் விழிக்கிறார். உலகம் மாறியிருக்கிறது. தனக்கு இருந்த வேகம் இல்லை. அக்வாமேனின் அட்லாண்டிஸும் வொண்டர் வுமனின் அமேசான்களும் போரிட்டு ஐரோப்பாவை நாசம் செய்திருக்கிறார்கள். சூப்பர்மேனைச் சின்ன வயசிலேயே அரசாங்கம் பிடித்துப் பாதாள அறையில் பூட்டி வைத்துவிட்டது. வெயிலே படாததால் எலும்பும் தோலுமாக இருக்கிறார். ஆனால் பேரியின் அம்மா நோரா, பல வருஷத்துக்கு முன் கொலை செய்யப்பட்டவர், உயிரோடு இருக்கிறார்.

எதிரிதான் காலத்தைக் குலைத்தான் என்று பேரி தேடித் தேடி அலைகிறார். கடைசியில் தெரிவது, குலைத்தது தானேதான் என்று. அம்மாவைக் காப்பாற்ற அவர் பின்னோக்கி ஓடியதன் விளைவுதான் இத்தனையும். திரும்ப ஓடி, தன்னையே தடுத்து, அம்மாவைச் சாக விட வேண்டும். விடுகிறார்.

உணர்ச்சியில் இந்தக் கதையை மிஞ்ச ஆள் இல்லை. கிளம்பும் முன் தாமஸ் வெய்ன், இன்னொரு உலகில் உயிரோடு இருக்கும் மகனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். அதைப் பேரி பத்திரமாகக் கொண்டுவந்து புரூஸ் வெய்ன் கையில் கொடுப்பார். எப்போதும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும் பேட்மேன் அதைப் படித்து அழுவார். நானும்தான்.

ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு நெருடல். இந்தக் கதை நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறது? 'இப்போது இருப்பதுதான் இருப்பதிலேயே நல்ல உலகம். உன் இழப்பை ஏற்றுக்கொள். எதையாவது மாற்றப் போனால் இதைவிட மோசமாகும்.' துக்கத்தில் இருக்கும் ஒருத்தருக்கு இது மருந்து. 'நான் அன்னைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா' என்று தன்னையே குத்திக்கொள்ளும் மனசுக்கு இதில் ஆறுதல் உண்டு. ஆனால் அதே வாக்கியத்தை ஆபீஸ் மேனேஜர் சொன்னால்? 'இருக்கறத வச்சுச் சமாளிங்க, மாத்தப் போனா இன்னும் மோசமாகும்' என்பது எல்லா அதிகாரத்துக்கும் பிடித்த வசனம் ஆயிற்றே.

2023-ல் வந்த 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படம் நேராக இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஸ்பைடர்மேன் ஆகிறவர் நெருக்கமான ஒரு போலீஸ் அதிகாரியை இழந்தே தீர வேண்டும், அது விதி, தடுத்தால் உலகமே குலையும் என்கிறார் மிகேல் ஓஹாரா. சாகப்போவது தன் அப்பா என்று தெரிந்ததும் பையன் மைல்ஸ் அதை ஏற்க மறுக்கிறான். அத்தனை ஸ்பைடர்மேன்களும் ஒன்றுசேர்ந்து, அப்பாவைக் காப்பாற்ற ஓடும் ஒரு பையனைத் துரத்துகிற காட்சி இருக்கிறதே, அபாரம். தப்பித்து வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவன் நினைக்கும்போது, அது ஸ்பைடர்மேனே உருவாகாத வேறொரு உலகம். அங்கே அப்பா ஏற்கனவே செத்துப்போயிருக்கிறார். இன்னொரு மைல்ஸ் குற்றவாளியாக எதிரே நிற்கிறான். விதிதான் சரி என்று அந்தப் படம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் மைல்ஸ் பக்கம்.

பின்னால் பார்க்கும் இருட்டு, முன்னால் பார்க்கும் இருட்டு

இந்த வகைக் கதைகளில் என் ஓட்டு 1981-ல் வந்த 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்'டுக்குத்தான். 'அன்கேனி எக்ஸ்-மென்' 141, 142 என்று இரண்டே இரண்டு இதழ்கள். கிறிஸ் கிளேர்மான்ட், ஜான் பைர்ன் கூட்டணி. இன்றைக்கு ஐம்பது இதழ் இழுக்கிற கதைகளைவிட அதில் அடர்த்தி அதிகம்.

அவர்கள் காட்டும் எதிர்காலம் 2013. சென்டினல் என்ற ராட்சத ரோபோக்கள் அமெரிக்காவை ஆள்கின்றன. மனிதர்களுக்கு எழுத்து முத்திரை. சாதாரண மனிதர்களுக்கு ஒன்று, உடம்பில் மியூட்டன்ட் மரபணு இருப்பவர்களுக்கு ஒன்று, மியூட்டன்ட்டுகளுக்கு ஒன்று. இரண்டாவது வகையினர் பிள்ளை பெற்றுக்கொள்ளக் கூடாது. மூன்றாவது வகையினர் முகாம்களில். முள்வேலியும் வரிசை வரிசையாகக் கல்லறைகளும். நாஜி வதை முகாம்களை நினைவுபடுத்தவே இப்படி வரைந்திருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே புரியும்.

முகாமில் இருக்கும் நடுத்தர வயது கேட் பிரைடின் மனம், காலத்தில் பின்னோக்கி அனுப்பப்படுகிறது. போய்ச் சேர்வது தன்னுடைய பதின்வயது உடம்பில். ஒரு செனட்டரின் கொலையைத் தடுக்க வேண்டும். அந்தச் செனட்டர் ராபர்ட் கெல்லி மியூட்டன்ட்டுகளுக்கு எதிரானவர். அவரை மியூட்டன்ட்டுகளே கொன்றதால்தான் பயமும் வெறுப்பும் சட்டமாகி, முகாமில் வந்து முடிந்தது. தன்னை வெறுக்கிற மனுஷனைக் காப்பாற்றத்தான் அவள் வருகிறாள்.

(2014-ல் வந்த படத்தில் அனுப்பப்படுவது வுல்வரின், போய் இறங்குவது 1973. ஹியூ ஜாக்மேன் இருக்கும்போது கதையை வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? ஆனால் இதில் நஷ்டம் கேட்டுக்குத்தான்.)

'ஃப்ளாஷ்பாயின்ட்'டிலும் பயணம் பின்னோக்கித்தான். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பேரி ஆலன் போவது நடந்ததை அப்படியே நடக்க விட. கேட் போவது நடந்ததை நடக்காமல் செய்ய. 1981-ல் இதைப் படித்த ஒருத்தருக்கு 2013 என்பது இனிமேல் வரப்போகும் வருஷம். அதாவது கேட் வந்து இறங்கியது வாசகரின் நிகழ்காலத்தில். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே ஏதாவது செய்யுங்கள் என்பது வாசகரிடமே சொல்லப்பட்ட செய்தி. ஒரு சமூகம் முகாம் வரைக்கும் எப்படிப் போகிறது என்பதையும் கதை பூசி மெழுகவில்லை. முதலில் ஒரு கொலை, அப்புறம் பயம், அப்புறம் சட்டம், அப்புறம் பதிவேடு, கடைசியில்தான் வேலி.

முடிவு இன்னும் பிரமாதம். செனட்டர் பிழைக்கிறார். கேட் திரும்பிப் போகிறாள். எல்லாம் சுபம் என்று புத்தகத்தை மூடப் போகும்போது கடைசிப் பக்கத்தில் ஜனாதிபதி ரகசியமாக ஒரு திட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். என்ன திட்டம்? புதிய சென்டினல்கள்.

1995-ல் வந்த 'ஏஜ் ஆஃப் அபோகலிப்ஸ்' இதன் பெரிய தம்பி. பேராசிரியர் சேவியரின் மகன், அப்பாவுக்கு நல்லது செய்கிறேன் என்று மேக்னீட்டோவைக் கொல்லக் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். குறுக்கே வந்து சாவது அப்பாவே. சேவியர் இல்லாத உலகை அபோகலிப்ஸ் என்ற கொடியவன் பிடித்துக்கொள்கிறான். மார்வெல் அப்போது தன் எக்ஸ்-மென் இதழ்களை எல்லாம் நிறுத்தி, நான்கு மாதம் வேறு பெயர்களில் இந்தக் கதையை மட்டுமே ஓட்டியது. அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சேவியரின் கனவை யார் தூக்கிச் சுமக்கிறார் என்பது. மேக்னீட்டோ! நம் உலகத்தில் ஜென்ம விரோதி. அங்கே செத்த நண்பனுக்காக எக்ஸ்-மென்னை உருவாக்கி, தனக்குப் பிறந்த பிள்ளைக்குச் சார்லஸ் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார். மறுபக்கம் நம் உலகத்தில் சாதுவான விஞ்ஞானி பீஸ்ட், அங்கே மனிதர்களை அறுத்துப் பார்க்கும் கொடூரன். 'எர்த் த்ரீ' மாதிரி நல்லவர் எல்லாம் கெட்டவர் என்று மொத்தமாகப் புரட்டிப் போடவில்லை. சூழ்நிலை மாறினால் யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஒவ்வொருவராக யோசித்திருக்கிறார்கள். நம் ஆபீஸிலும் அப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேண்டாம், சாப்பாடு இறங்காது.

நாம் கை தட்டிய இடம் எது?

இப்போது சூப்பர்மேன். 2013-ல் வந்த 'இன்ஜஸ்டிஸ்' வீடியோ கேமும், அதன் முன்கதையாக டாம் டெய்லர் எழுதத் தொடங்கிய காமிக்ஸும் இந்த வகையில் இன்றைய தலைமுறைக்கு ரொம்பப் பரிச்சயம். ஜோக்கர் செய்யும் சதியில் மதி மயங்கிய சூப்பர்மேன், எதிரி என்று நினைத்து கர்ப்பிணி மனைவி லோயிஸைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறார். அவள் இதயம் நின்றதும் வெடிக்கிற மாதிரி வைத்திருந்த அணுகுண்டில் மெட்ரோபொலிஸ் நகரமே சாம்பல். அடுத்து, பேட்மேன் ஜோக்கரை விசாரித்துக்கொண்டிருக்கும்போது சுவரை உடைத்துக்கொண்டு வந்து ஜோக்கர் நெஞ்சில் ஒரே குத்து. முடிந்தது.

அந்தப் பக்கத்தில் நான் கை தட்டினேன். பொய் சொல்ல விரும்பவில்லை. நீங்களும் தட்டியிருப்பீர்கள். ஜோக்கரைப் பிடிப்பதும், அவன் தப்பிப்பதும், நூறு பேரைக் கொல்வதும், திரும்பப் பிடிப்பதுமாக எத்தனை வருஷம்? 'கோர்ட்டு, கேஸுன்னு எதுக்கு, அங்கேயே போட்டுட வேண்டியதுதானே' என்று தியேட்டரில் விசில் அடித்துப் பழகிய கை நம்முடையது.

அடுத்து, உலகத்தில் எல்லாப் போரையும் உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் நான் நிறுத்துவேன் என்கிறார் சூப்பர்மேன். இதையும் யார் மறுப்பார்கள்? அடுத்தடுத்த அடிகளும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எதிர்த்துப் பேசுபவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கடைசியில், எதிர்ப்பவர்களுக்குப் பாடம் புகட்ட மெட்ரோபொலிஸையும் காத்தமையும் அழிக்கப் போகிறேன் என்கிறார். அவர் கூட்டத்திலேயே இருக்கும் ஷஸாம், இது சரியா என்று கேட்கிறான். ஷஸாம் என்பது மந்திரம் சொன்னால் பெரிய ஆளாக மாறும் ஒரு சிறுவன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையை சூப்பர்மேன் கண்ணாலேயே எரித்துக் கொல்கிறார்.

சூப்பர்மேன் எந்தப் பக்கத்தில் வில்லன் ஆனார் என்று திரும்பப் புரட்டிப் பாருங்கள். ஷஸாமைக் கொன்ற இடம் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பாதை நாம் கை தட்டிய பக்கத்திலேயே தொடங்கிவிட்டது. இதை டிசி திட்டமிட்டுத்தான் செய்ததா, இல்லை சண்டை கேமுக்கு ஹீரோக்களை மோதவிட ஒரு சாக்குத் தேவைப்பட்டதா என்றால், இரண்டாவதாகவே இருக்கட்டும். பலித்துவிட்டது.

ஒரு சின்ன சந்தோஷமும் இதில் உண்டு. சூப்பர்மேன் பேட்மேனின் முதுகெலும்பை முறித்துப் போட்டுவிட்டு நிற்கும்போது, வீட்டு வேலையாள் ஆல்ஃபிரெட், அந்த வயசான மனுஷன், பலம் தரும் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு சூப்பர்மேனை வெளுத்து வாங்குவார். அந்த ஒரு காட்சிக்காகவே முதல் வருஷக் கதையைப் படிக்கலாம்.

இந்த வகையில் வந்த மற்ற பலவற்றில் எனக்கு ஆர்வம் இல்லை. 'மார்வெல் ஸாம்பீஸ்' 2005-ல் வந்தபோது கறுப்பு நகைச்சுவையாக ரசிக்க முடிந்தது. 2017-ல் 'டார்க் நைட்ஸ்: மெட்டல்' கதையில் வந்த 'சிரிக்கும் பேட்மேன்', அதாவது ஜோக்கராக மாறிப்போன பேட்மேன், முதல் தடவை நிஜமாகவே பயமுறுத்தினார். அப்புறம் அவரையே எல்லாக் கதையிலும் இழுத்துவந்து, பொம்மை போட்டு விற்று, பயம் போய்க் கொட்டாவி வந்தது. யார் தலை உருளும் என்பது மட்டும்தான் கேள்வி என்றால், நாலாவது தலைக்கு மேல் எண்ணிக்கைதான் மிஞ்சும்.

இப்போது காற்று மாறியிருக்கிறது

கடந்த சில வருஷமாக ஒரு சுவாரஸ்யமான திருப்பம். தவறிப்போன உலகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் இதுவரை வழக்கம். இப்போது திரும்ப வீடே இல்லை. அந்த உலகம்தான் உலகம்.

2024-ல் ஜோனதன் ஹிக்மேன் எழுத, மார்கோ செக்கெட்டோ வரையத் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கர் என்ற வில்லன் ஒரு பூமிக்குப் போய், ஹீரோக்கள் யாரும் உருவாகாதபடி முன்கூட்டியே தடுத்துவிட்டான். பீட்டர் பார்க்கரைச் சிலந்தி கடிக்கவே இல்லை. அவர் இப்போது முப்பதைத் தாண்டிய குடும்பஸ்தர். மனைவி மேரி ஜேன், இரண்டு குழந்தைகள், பத்திரிகை ஆபீஸ் வேலை. வாழ்க்கையில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்ற உணர்வு மட்டும் விடாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்மில் பலருக்கு வருமே, அதேதான். உன்னிடமிருந்து ஒரு வாழ்க்கை திருடப்பட்டது என்று சொல்லி, டோனி ஸ்டார்க் ஒரு சிலந்தியை அனுப்பிவைக்கிறான். பழைய கதையில் சிலந்தி கடித்தது விபத்து. இங்கே பீட்டர் தெரிந்தே கையை நீட்ட வேண்டும், அதுவும் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது. நீட்டுகிறார்.

அதே 2024-ல் ஸ்காட் ஸ்னைடர், நிக் டிராகோட்டா கூட்டணியில் வந்த 'அப்சொல்யூட் பேட்மேன்' இன்னொரு வழி. டார்க்ஸைடின் சக்தியால் வார்க்கப்பட்ட பூமி அது. புரூஸ் வெய்ன் அங்கே கோடீஸ்வரர் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாரின் மகன், படித்து என்ஜினியர் ஆனவர். மாளிகை கிடையாது, குகை கிடையாது. அம்மா உயிரோடு இருக்கிறார். நம் பேட்மேனுக்கு எதிரிகளாக வரும் பெங்குவினும் ரிட்லரும் அங்கே கூட வளர்ந்த சிநேகிதர்கள். பெரும் பணக்காரர் யார் தெரியுமா? ஜோக்கர். அவர் சிரிப்பதே இல்லை.

பணக்காரப் பையன் ஏழைகளைக் காப்பாற்றும் கதையில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. அது இங்கே இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்'. வார இறுதி முழுக்க இருக்கிறது என்றால் 'ஃப்ளாஷ்பாயின்ட்', கூடவே தாமஸ் - மார்த்தா கதையைத் தனியாகச் சொல்லும் 'நைட் ஆஃப் வெஞ்சன்ஸ்'. பிரையன் அஸ்ஸாரெல்லோ எழுதிய அந்த மூன்று இதழ்கள் மூலக்கதையைவிடக் கனமானவை. பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்க வேண்டாம். திங்கட்கிழமை லீவ் போடத் தோன்றும்.